தாரும் டோரேமானும் காற்றின் முன்னே

திருவண்ணாமலை மாவட்டத்தில் ஆரணிக்கும் போளூருக்கும் இடையே உள்ள களம்பூர், பட்டு நெசவுக்குப் பெயர்பெற்ற ஆரணி வட்டாரத்தைச் சேர்ந்த பேரூராகவும், நெல் அவித்து அரைக்கும் ஆலைகளின் ஊராகவும், காட்பாடி–விழுப்புரம் இருப்புப் பாதையின் ‘ஆரணி ரோடு’ நிலையம் அமைந்த இடமாகவும் அறியப்படுகிறது. அதன் சாலைகளில் அரிசி மூட்டை ஏற்றிய பொலேரோ பிக்கப்பையும், போளூர் வழியாக ஜவ்வாது மலைக்கு ஏறும் ஜீப்பையும், அண்மை ஆண்டுகளில் இளைஞர்கள் விரும்பி வாங்கும் மகிந்திரா தாரையும் காணும் எவருக்கும், இவை யாவும் அடிப்படையில் சக்கரம் பூட்டிய பெட்டிகளே என்பது உடனே விளங்கும். அதே ஊரின் வீட்டுத் தொலைக்காட்சிகளிலோ டோரேமான், பிக்காச்சு, சோட்டா பீம் என்று மூலை முனை இல்லாத உருண்டை உருவங்களே ஓடி விளையாடுகின்றன. இவ்விரு கூட்டத்தையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி, பொம்மைப்பட உயிர்கள் ஜீப்பைவிட எளிதாகக் காற்றை ஊடுருவிச் செல்லும் என்று காட்டும் கணினிப் படங்கள் சில ஆண்டுகளாக உலவுகின்றன. ஜீப்போடு பசுமாட்டை ஒப்பிட்ட படமும் அவற்றுள் உண்டு. நகைப்புக்காகச் செய்யப்பட்டவை என்றாலும் இவ்வொப்பீடுகள் முழுப் பொய்யல்ல. ஆனால் உருண்டை நல்லது, பெட்டி கெட்டது என்று அவற்றிலிருந்து பெறப்படும் முடிவு பாதிக்கு மேல் தவறானது.

காற்று கண்ணுக்குத் தெரியாததால் நிறையற்றது போலத் தோன்றினாலும், தமிழ்நாட்டுக் கோடை வெப்பத்தில் ஒரு கன மீட்டர் காற்றின் நிறை ஏறத்தாழ 1.15 கிலோகிராம். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில், அதாவது நொடிக்கு 27.8 மீட்டர் வேகத்தில் செல்லும் தார் போன்ற வண்டி, ஒவ்வொரு நொடியும் தன் முன்னே நிற்கும் எண்பது கிலோவுக்கும் மேற்பட்ட காற்றை ஒதுக்கித் தள்ளி வழி செய்துகொள்ள வேண்டியிருக்கிறது. அப்போது காற்று வண்டியைப் பின்னோக்கி இழுக்கும் விசையே காற்றிழுவை எனப்படும். இவ்விசையின் பயனைக் களம்பூரின் நெற்களங்களும் ஆலைகளும் நெடுங்காலமாக அறிந்தே வந்துள்ளன: தூற்றும்போது பதர் காற்றோடு போவதும் மணி காலடியில் விழுவதும், பதரின் எடையோடு ஒப்பிட அதன் மேல் காற்று செலுத்தும் விசை மிகுதி என்பதாலும், மணிக்கு அது குறைவு என்பதாலும்தான்; ஆலையில் விசிறி வைத்து உமியைப் பிரிக்கும் பொறியும் இதே வேறுபாட்டைக் கொண்டே இயங்குகிறது.

காற்றிழுவை இரு வழிகளில் தோன்றுகிறது. காற்று உடலின் மேல் உராய்ந்து செல்வதால் ஏற்படுவது ஒன்று. உடலின் முன்பக்கத்தில் அழுத்தம் கூடுதலாகவும் பின்பக்கத்தில் குறைவாகவும் இருப்பதால், கூடியதிலிருந்து குறைந்ததை நோக்கி உடல் தள்ளப்படுவது மற்றொன்று. விமானச் சிறகு போன்ற மெலிந்த வடிவங்களில் உராய்வு முதன்மை பெறுகிறது. கார், லாரி, ஜீப் ஆகியவற்றிலோ அழுத்த வேறுபாடே ஏறக்குறைய முழு இழுவைக்கும் காரணமாகிறது. பின்பக்கத்தில் அழுத்தம் குறைவதற்குக் காரணம், உடலை ஒட்டி வழிந்துவந்த காற்று ஓரிடத்தில் பரப்பைவிட்டு விலகி, வண்டிக்குப் பின்னே சுழலும் குழப்பமான ஒரு வெளியை விட்டுச்செல்வதுதான். இதைப் பின்சுழல் என்று கொள்ளலாம். செம்மண் சாலையில் பேருந்து போன பின் எழும் புழுதி அதன் முதுகுக் கண்ணாடியில் போய் ஒட்டுவது, அந்த வெளியில் காற்று பேருந்தை நோக்கியே திரும்பிச் சுழல்கிறது என்பதற்குக் கண்கண்ட சான்று.

வெவ்வேறு வடிவங்களை அளவு வேறுபாடு இன்றி ஒப்பிடுவதற்காக இழுவைக் கெழு என்ற எண் பயன்படுத்தப்படுகிறது. காற்றின் அடர்த்தியில் பாதி, வேகத்தின் வர்க்கம், எதிரில் நின்று பார்த்தால் தெரியும் முன்முகப் பரப்பு, இழுவைக் கெழு ஆகிய நான்கையும் பெருக்கினால் காற்றிழுவை கிடைக்கும். இந்நான்கில் வடிவத்தின் நன்மை தீமையைச் சொல்வது இழுவைக் கெழு மட்டுமே. நீர்த்துளி போல் முன்பக்கம் பருத்துப் பின்பக்கம் நீண்டு குவியும் வடிவத்துக்கு அது 0.05 அளவுக்கு இறங்குகிறது. ஒரு முகம் காற்றை நேராக நோக்கி நிற்கும் கனச்சதுரத்துக்கு 1.05 ஆகவும், அதே கனச்சதுரம் முனை முன்னே வரும்படி திரும்பி நின்றால் 0.80 ஆகவும் இருக்கிறது. இன்றைய சாதாரண கார்கள் 0.30-க்கு அக்கம்பக்கத்திலும், மெர்சிடிஸ் நிறுவனத்தின் இ.க்யூ.எஸ். என்னும் மின்கார் 0.20-லும், ஜீப் ராங்ளரின் 2018-ஆம் ஆண்டுத் தலைமுறை 0.45-லும் நிற்கின்றன. மகிந்திரா தாரும் அமைப்பில் ராங்ளரின் நெருங்கிய உறவே என்பதால், அதற்கும் 0.45-ஐ வைத்துக் கணக்கிடுவது பெரும் பிழையாகாது.

பெட்டி வடிவத்தின் மீது சுமத்தப்படும் பழியை முதலில் ஆராயலாம். ஜெர்மனியின் வோக்ஸ்வாகன் நிறுவனம் 1950-இல் விற்பனைக்குக் கொண்டுவந்த வேன், ஒரு ரொட்டித் துண்டின் உருவத்தை ஒத்தது. அதன் முதல் மாதிரியின் இழுவைக் கெழு 0.75 என்று கண்ட பொறியாளர்கள், பிரான்ஷ்வைக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் காற்றுச் சுரங்கத்தில், அதாவது காற்றை விசிறியால் ஓட்டி நிலையாக நிற்கும் மாதிரியின் மேல் செலுத்தி அளக்கும் கூடத்தில், அதை ஆராய்ந்து, முன்கண்ணாடியை நடுவில் மடித்துக் கூரையின் முன்விளிம்பையும் அதற்கேற்ப வளைத்தார்கள். கெழு 0.44-க்கு இறங்கியது. அந்நிறுவனத்தின் புகழ்பெற்ற வண்டுக் காரோ, தலைமுதல் வால்வரை வளைந்த உருவம் கொண்டிருந்தும், 0.48-இல் நின்றது. பெட்டி வேன் உருண்டைக் காரை வென்ற இந்நிகழ்ச்சி, கண்ணின் தீர்ப்பும் காற்றின் தீர்ப்பும் ஒன்றாக இருப்பதில்லை என்பதற்கு மறுக்க முடியாத எடுத்துக்காட்டு.

1984-இல் சையத் அகமது என்ற ஆய்வாளர் தம் துணைவர்களோடு வெளியிட்ட ஆய்வு இதை இன்னும் தெளிவாக்கியது. அவர்கள் எடுத்துக்கொண்டது சக்கரமோ கண்ணாடியோ இல்லாத, செங்கல் போன்ற ஓர் எளிய கட்டை. அதன் முன்விளிம்புகள் மட்டும் நன்றாக உருட்டப்பட்டிருந்தன. இன்று உலகெங்கும் மாணவர்கள் ‘அகமது உடல்’ என்று பயிலும் இக்கட்டையின் பின்புறத்தைச் செங்குத்தாக வெட்டி நிறுத்தியபோது இழுவைக் கெழு ஏறத்தாழ 0.25 என்றும், பின்கூரையை 12.5 பாகை சரித்தபோது 0.23 என்றும் அளவாயின. சரிவை 30 பாகையாக்கியபோதோ அது 0.38-ஐ ஒட்டி உயர்ந்தது. சரிவின் இரு ஓரங்களிலும் காற்று கயிறுபோல் முறுக்கிக்கொண்டு கீழிறங்கி, பின்பரப்பை வலுவாக உறிஞ்சியதே காரணம். பின்பக்கம் சுவர் போல் நிற்பதைவிட, அழகுக்காகத் தவறான கோணத்தில் சரிப்பது கெடுதல் என்பது இதனால் பெறப்படும். பெட்டியின் முதுகைக் குறை கூறுவோர் பெரும்பாலும் இவ்விடத்தில்தான் தடுமாறுகிறார்கள்.

சுத்தமான ஒரு பெட்டி 0.25-இல் நிற்குமானால், ராங்ளர், தார் போன்றவற்றின் கெழு அதைப்போல் ஏறக்குறைய இரு மடங்காவது எதனால் என்ற கேள்வி எழுகிறது. விடை, பெட்டி என்ற கருத்தில் இல்லாமல், பெட்டியின் மேல் ஒட்டவைத்தவற்றில் இருக்கிறது. நிமிர்ந்து நிற்கும் தட்டையான முன்கண்ணாடி, அதன் இரு ஓரத்துக் கூர்மையான தூண்கள், உடலை விட்டு வெளியே துருத்தி நிற்கும் சக்கர மூடிகள், வெளியே தெரியும் கதவுக் கீல்கள், பெரிய பக்கவாட்டுக் கண்ணாடிகள், கதவில் தொங்கும் மாற்றுச் சக்கரம், அச்சும் எரிபொருள் தொட்டியும் குழாய்களும் மூடப்படாமல் கிடக்கும் அடிவயிறு ஆகிய ஒவ்வொன்றும் காற்றைத் தனித்தனியே கலைக்கிறது. சக்கரங்களும் அவற்றின் குழிகளும் மட்டுமே பல வண்டிகளில் மொத்த இழுவையில் கால் பங்கை எட்டுகின்றன. இவற்றுக்கு மேல் உரிமையாளர் பொருத்தும் கூரைக் கேரியரும் கூடுதல் விளக்குகளும் சேரும்போது, காற்றுச் சுரங்கத்தில் மாதக்கணக்கில் பாடுபட்டுப் பெற்ற பயன் ஒரு பிற்பகலில் கரைந்துபோகிறது.

இனி உருண்டை. இதன் வரலாறு பெட்டியைவிடச் சுவையானது. பாரிஸ் கோபுரத்தைக் கட்டிய குஸ்தாவ் ஈஃபல், முதுமையில் காற்றியல் ஆய்வில் இறங்கி, தம் கோபுரத்திலிருந்து பொருள்களை விழச்செய்தும், பின்னர்த் தாமே அமைத்த காற்றுச் சுரங்கத்திலும் இழுவையை அளந்தார். 1912-இல் கோளங்களுக்கு அவர் கண்ட இழுவைக் கெழு, ஜெர்மனியின் கொட்டிங்கனில் லுட்விக் பிராண்டிலின் குழுவினர் கண்டதில் பாதிகூட இல்லை. ஈஃபல் கணக்கில் இரண்டு என்ற பெருக்கெண்ணை விட்டுவிட்டாரோ என்றுகூட அங்கே ஐயம் எழுந்தது. ஈஃபல் தம் சோதனைகளை மீண்டும் பல வேகங்களில் நடத்தி, குறைந்த வேகத்தில் ஜெர்மானியரின் எண்ணும், குறிப்பிட்ட வேகத்தைத் தாண்டியபின் தம் சிறிய எண்ணும் வருவதைக் காட்டினார். இரு தரப்பும் சரியாகவே அளந்திருந்தன.

இதற்கு 1914-இல் விளக்கம் தந்தவர் பிராண்டில். உடலைத் தொட்டுச் செல்லும் காற்றின் மிக மெல்லிய அடுக்கை எல்லைப் படலம் என்று அவர் 1904-லேயே வரையறுத்திருந்தார். வேகம் குறைவாக உள்ளபோது இப்படலம் அடுக்கடுக்காக அமைதியாக நகர்கிறது. அதற்கு ஊக்கம் போதாமையால், கோளத்தின் பாதியைக்கூட முழுதும் கடக்குமுன் பரப்பைவிட்டுக் கழன்று, அகன்ற பின்சுழலை உண்டாக்குகிறது. வேகம் கூடியதும் படலம் கொந்தளிக்கத் தொடங்குகிறது. கொந்தளிப்பு வெளிக்காற்றின் ஊக்கத்தைப் படலத்துக்குள் கொண்டுவருவதால், அது கோளத்தின் பின்பக்கம் வரை ஒட்டிச்சென்று விலகுகிறது, பின்சுழல் சுருங்குகிறது, இழுவைக் கெழு 0.47-இலிருந்து 0.1-க்கும் 0.2-க்கும் இடைப்பட்ட நிலைக்குச் சரிகிறது. பிராண்டில், கோளத்தின் முன்பாதியில் மெல்லிய கம்பி வளையம் ஒன்றைச் சுற்றி, படலத்தை வேண்டுமென்றே கொந்தளிக்கச் செய்து, குறைந்த வேகத்திலேயே இழுவையைக் குறைத்துக் காட்டினார். வழவழப்பைக் கெடுத்து இழுவையைக் குறைத்த இச்சோதனை அக்காலத்தவருக்குப் பெரும் வியப்பாக இருந்தது. கோல்ஃப் பந்தின் குழிகள் செய்வதும் இதையே; கிரிக்கெட் பந்தின் தையல் ஒரு பக்கத்துப் படலத்தை மட்டும் கொந்தளிக்கச் செய்து பந்தை வளைப்பதும் இதன் கிளைக் கதையே.

இம்மாற்றம் எப்போது நிகழும் என்பதை வேகம் மட்டும் தீர்மானிப்பதில்லை. வேகத்தையும் பொருளின் அகலத்தையும் பெருக்கி, காற்றின் பாகுத்தன்மையைக் குறிக்கும் ஓர் எண்ணால் வகுத்தால் கிடைப்பது ரெனால்ட்ஸ் எண். 1883-இல் குழாய் நீரோட்டத்தை ஆராய்ந்த ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸின் பெயர் கொண்டது. வழவழப்பான கோளத்துக்கு இது ஏறத்தாழ மூன்று லட்சத்தைத் தொடும்போது இழுவை சரிகிறது. ஆகவே பெரிய கோளம் குறைந்த வேகத்திலும், சிறிய கோளம் மிகுந்த வேகத்திலும் இந்நிலையை எட்டும்.

டோரேமானை இங்கே துணைக்கு அழைக்கலாம். ஜப்பானிய ஓவியர் ஃபுஜிகோ எஃப். ஃபுஜியோவின் படைப்பாக 1969-இன் இறுதியில் பத்திரிகைகளில் தோன்றிய இந்த நீலநிற எந்திரப் பூனைக்கு, படைப்பாளரே அளவுகள் வகுத்துள்ளார்: உயரம் 129.3 சென்டிமீட்டர், மார்புச் சுற்றளவு 129.3 சென்டிமீட்டர், எடை 129.3 கிலோகிராம், எலியைக் கண்டு ஓடும்போது மணிக்கு 129.3 கிலோமீட்டர் வேகம், ஆற்றல் 129.3 குதிரைத்திறன். அக்கால ஜப்பானில் நான்காம் வகுப்புக் குழந்தையின் சராசரி உயரத்திலிருந்து அந்த எண் எடுக்கப்பட்டது. பொறியியல் ஒப்பீட்டுக்கு இத்தனை ஒத்துழைக்கும் கற்பனை உயிர் வேறு இருப்பது அரிது. மார்புச் சுற்றளவைக் கொண்டு கணக்கிட்டால் அதன் குறுக்களவு சுமார் 41 சென்டிமீட்டர். தலையும் பருமனில் அதற்குக் குறைந்ததன்று. இந்த அளவுள்ள வழவழப்பான கோளம், மணிக்கு நாற்பது நாற்பத்தைந்து கிலோமீட்டரிலேயே இழுவை சரியும் நிலையை எட்டிவிடும். எனவே நூறு கிலோமீட்டர் வேகத்தில் டோரேமானின் தலையைத் தனியே எடுத்துக்கொண்டால், அதன் இழுவைக் கெழு ராங்ளரினுடையதில் பாதிக்கும் கீழே இருக்கும்.

அதே டோரேமானைத் திருவிழாக் கடையில் வாங்கிய, தலை 5 சென்டிமீட்டரே உள்ள பொம்மையாகக் காரின் முன்பலகையில் ஒட்டி, நாற்பது கிலோமீட்டர் வேகக் காற்றில் நிறுத்தினால் நிலைமை தலைகீழாகிறது. ரெனால்ட்ஸ் எண் அங்கே முப்பத்தைந்தாயிரம் அளவிலேயே நிற்பதால், அதன் தலையின் கெழு 0.47-ஐ ஒட்டியிருக்கும், ராங்ளரின் 0.45-ஐவிட அது ஒரு நூலளவு மோசம். வடிவம் மாறவில்லை, வண்ணம் மாறவில்லை, தீர்ப்பு மட்டும் மாறிவிட்டது. பெட்டிக்கு இந்த நிலையற்ற குணம் கிடையாது. கூர்விளிம்பு உள்ள உடலில் காற்று எப்போதும் அவ்விளிம்பிலேயே கழன்றுவிடுவதால், வேகம் ஐம்பதானாலும் நூறானாலும், உருவம் பெரிதானாலும் சிறிதானாலும் அதன் கெழு ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கும். கட்டடங்களின் மீது புயற்காற்றின் விசையை அறிய அவற்றின் சிறிய மாதிரிகளைச் சுரங்கத்தில் வைத்து நம்பிக்கையோடு அளக்க முடிவது இதனால்தான். உருண்டையான குளிர்கோபுரத்துக்கோ கோளத் தொட்டிக்கோ அப்படிச் செய்ய முயன்றால், மாதிரியின் பரப்பைச் சொரசொரப்பாக்குவது போன்ற தந்திரங்கள் தேவைப்படும். ‘கார்ட்டூன் உருவம் ஜீப்பைவிடச் சிறந்தது’ என்று கூறும் எவரும், எவ்வளவு பெரிய கார்ட்டூன், எந்த வேகத்தில் என்று சொல்லாதவரை அக்கூற்றுக்குப் பொருள் இல்லை.

மேலும், டோரேமானின் தலை கோளமானாலும் டோரேமான் கோளம் அன்று. தலைக்குக் கீழே கழுத்துப் பள்ளம், பக்கத்தில் கைகள், அடியில் இரு குட்டைக் கால்கள் உண்டு. அவற்றின் பின்னே எழும் சுழல்கள் ஒன்றோடொன்று மோதும். முழு உருவத்துக்கும் 0.6 அல்லது 0.7 என்று கொள்வது நியாயமான ஊகம். பிக்காச்சுவின் நீண்ட காதுகளும் மின்னல் வாலும் இதைவிடத் தொல்லை தருபவை. நீருக்கடியில் வாழ்வதாகச் சித்திரிக்கப்படும் ஸ்பாஞ்ச்பாப்போ சக்கரம் இல்லாத தார் என்றே சொல்லத்தக்க பெட்டி. 1999-இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் தோன்றிய அந்த மஞ்சள் பஞ்சை உருவாக்கிய ஸ்டீபன் ஹில்லன்பர்க், அதற்கு முன் கடல் உயிரியல் கற்பித்தவர். இயற்கைக் கடற்பஞ்சுகள் ஓரிடத்தில் ஒட்டி வாழ்பவை என்பதையும், அவற்றுக்கு நீந்தும் வடிவம் வேண்டியதில்லை என்பதையும் அறிந்தவர்.

உண்மைக் கடலில் ஒரு பெட்டி உயிர் இருக்கிறது. அது வாகன உலகை ஒருமுறை ஏமாற்றியும் இருக்கிறது. பவளப்பாறைகளில் வாழும் மஞ்சள் பெட்டிமீனின் உடல், எலும்புத் தகடுகளால் ஆன நாற்பட்டைக் கூடு. 2005-இல் மெர்சிடிஸ்-பென்ஸ் அம்மீனின் வடிவைப் பின்பற்றி ‘பயானிக்’ என்ற மாதிரிக் காரைச் செய்து, 0.19 என்ற இழுவைக் கெழுவை எட்டியதாக அறிவித்தபோது, பெட்டி வடிவத்துக்கே இயற்கையின் நற்சான்று கிடைத்துவிட்டதாகப் பலர் எழுதினார்கள். ஆனால் 2015-இல் பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சாம் வான் வாசன்பெர்க்கும் உடனாய்வாளர்களும் அம்மீனின் உடலைச் சுற்றி நீரோட்டத்தை ஆராய்ந்து, மற்ற மீன்களோடு ஒப்பிட அதன் இழுவை கூடுதல் என்றும், அதன் கூடு உடலை நிலைப்படுத்துவதற்கு மாறாக எளிதில் திரும்பச் செய்கிறது என்றும் கண்டார்கள். பவளக் கிளைகளிடையே சட்டென்று திரும்புவதும், கடிக்க வருவதற்குக் கவசம் காட்டுவதுமே அம்மீனுக்கு வாழ்வு. வேகம் அதற்கு இரண்டாம் பட்சம். கார் 0.19-ஐ எட்டியது பொறியாளர்களின் திறமையால். மீனுக்கு அதில் பங்கு சொற்பம்.

பெட்டிமீனைப் பற்றிய இக்கண்டுபிடிப்பு தார் போன்ற வண்டிக்கு அப்படியே பொருந்துவது கவனிக்கத்தக்கது. 2020 ஆகஸ்ட் 15 அன்று வெளிக்காட்டப்பட்டு அக்டோபர் 2-இல் விற்பனைக்கு வந்த இரண்டாம் தலைமுறைத் தார், செங்கல்பட்டுக்கு அருகே மகிந்திரா வேர்ல்டு சிட்டியில் 2012 முதல் இயங்கும் மகிந்திரா ரிசர்ச் வேலியில் உருவாக்கப்பட்டது. களம்பூர் இருக்கும் அதே மாவட்டத்தின் செய்யாறு சிப்காட் பகுதியில், 454 ஏக்கர் பரப்பில், வேகப் பாதையும் மேடுபள்ளப் பாதைகளும் கொண்ட சோதனைக் களம் ஒன்றையும் அந்நிறுவனம் அமைத்துள்ளது. இவ்வண்டியின் முன்மூக்கு தரையோடு 41.8 பாகைக் கோணத்தையும், வால் 36.8 பாகையையும் விட்டு நிற்கின்றன; தரைக்கும் அடிவயிற்றுக்கும் இடையே 226 மில்லிமீட்டர் இடைவெளி; 650 மில்லிமீட்டர் ஆழ நீரைக் கடக்கும் திறன். மூக்கை நீட்டிச் சாய்த்தால் காற்று மகிழும், ஆனால் ஜவ்வாது மலைச் சரிவில் ஓர் ஓடையிலிருந்து ஏறும்போது அம்மூக்கு முதலில் பாறையில் முட்டும். வாலை நீட்டிக் குவித்தாலும் அவ்வாறே. நிமிர்ந்த கண்ணாடியும் தட்டையான முன்மூடியும், ஓட்டுநருக்கு வண்டியின் இரு முன்மூலைகளும் எங்கே முடிகின்றன என்பதைக் காட்டுகின்றன. ஒற்றையடி மலைப்பாதையில் அது உயிர் காக்கும் வசதி.

இழுவைக் கெழுவிலிருந்து உண்மை விசைக்கு வந்தால் படம் இன்னும் தெளிவாகும். ஏறத்தாழ 1.8 மீட்டர் அகலமும் 1.85 மீட்டர் உயரமும் உள்ள தாரின் முன்முகப் பரப்பு சுமார் 2.8 சதுர மீட்டர் எனக் கொண்டால், மணிக்கு 100 கிலோமீட்டரில் அதன் மேல் காற்றிழுவை 560 நியூட்டன். அதை வெல்ல 15.6 கிலோவாட், அதாவது 21 குதிரைத்திறன் செலவாகிறது. நடுத்தரக் கார் ஒன்றுக்கு இதில் ஏறத்தாழப் பாதி போதும். எலிக்கு அஞ்சி 129.3 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் டோரேமானுக்கோ, உடல் சிறியது என்பதால், சுமார் 8 கிலோவாட், அதாவது 11 குதிரைத்திறன் போதும். அதன் வசம் இருப்பதோ 129.3. தாரின் 2.2 லிட்டர் டீசல் எஞ்சினின் திறன் 130 என்பது தற்செயல் ஒற்றுமை என்றாலும், ஒரே ஆற்றலுள்ள இரண்டில் எது காற்றோடு குறைவாக மல்லுக்கட்டுகிறது என்பதில் ஐயமில்லை. ஆயினும் இவ்வெற்றியை டோரேமானுக்குத் தருவது அதன் சிறு உருவமே. வடிவத்தில், முன்சொன்ன ஊகம் சரியானால், அது தாருக்குப் பின்னேதான் நிற்கிறது.

வேகத்தின் வர்க்கத்தோடு இழுவை கூடுவதால், களம்பூரிலிருந்து ஆரணிக்கோ போளூருக்கோ ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் செல்லும்போது தாரின் மேல் காற்றின் விசை 140 நியூட்டனே. அவ்வேகத்தில் டயர்கள் தரையில் உருண்டு நசுங்குவதால் எழும் தடை அதைவிடக் கூடுதல். அறுபத்தைந்து கிலோமீட்டரைச் சுற்றியே இரண்டும் சமமாகின்றன. ஊருக்குள்ளும் மலைக்குள்ளும் ஓடும் வண்டிக்குப் பெட்டி வடிவம் ஏறக்குறைய இலவசம் என்றே சொல்லலாம். வாலாஜாவைத் தாண்டிச் சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலையில் ஏறியதும் கணக்கு மாறுகிறது. அங்கே நூறு கிலோமீட்டர் வேகத்தில் நூறு கிலோமீட்டர் தொலைவு செல்ல, காற்றை வெல்வதற்கு மட்டும் நான்கிலிருந்து ஐந்து லிட்டர் டீசல் தாருக்கு வேண்டும். நடுத்தரக் காருக்கு இதில் பாதி போதும். வேகம் 120 ஆனால் காற்றுக்காகச் செலவிடும் திறன் எழுபது விழுக்காட்டுக்கு மேல் கூடுகிறது. வார இறுதியில் சென்னைக்கும் பெங்களூருக்கும் போய்வருவதற்காகவே இத்தகைய வண்டியை வாங்குபவர், மலைக்கான கவசத்தைத் தரையில் சுமக்கும் செலவைத் தெரிந்தே ஏற்கிறார் என்று கொள்வதே மரியாதை.

பெட்ரோல், டீசல் வண்டிகளில் இச்செலவு பெட்ரோல் பங்கின் ரசீதில் கரைந்து மறைந்துவிடும். மின்வண்டியில் அது மறைவதில்லை. நூறு கிலோமீட்டருக்குக் காற்றுக்காக மட்டும் 15.6 யூனிட் மின்சாரம் என்பது, அறுபது யூனிட் மின்கலத்தில் கால் பங்குக்கு மேல். ஆகவேதான் பெட்டி வண்டியின் அடையாளத்தைக் கைவிட முடியாத நிறுவனங்கள் இன்று விளிம்புகளோடு மல்லாடுகின்றன. லேண்ட் ரோவரின் புதிய டிஃபெண்டர் 0.38-க்கு வந்துவிட்டது. மெர்சிடிஸின் ஜி வகுப்பு, 2024-இல் மின்வண்டியானபோது, முன்மூடியைச் சற்று உயர்த்தி, கண்ணாடித் தூண்களுக்குப் புதிய உறை தைத்து, கூரையின் முன்விளிம்பில் ஓர் உதட்டைச் சேர்த்து, பின்சக்கரங்களின் ஓரம் காற்றை ஒழுங்குபடுத்தும் துளைகள் விட்டு, 0.53-இலிருந்து 0.44-க்கு இறங்கியது, தெருவில் நின்று பார்ப்பவருக்கு அது இன்னும் அதே பெட்டிதான். மகிந்திராவும் 2023 ஆகஸ்ட் 15 அன்று தென்னாப்பிரிக்காவின் கேப்டவுனில் ‘தார்.இ’ என்ற மின்மாதிரியைக் காட்டியது. நிமிர்ந்த கண்ணாடியும் நாற்கோண உடலும் அதிலும் உள்ளன.